எழுத்துல கொடுங்க

"மேடம், அந்தக் கூட்டித் துடைக்கிற அம்மா இருக்காங்களே..." என்று ஆரம்பித்தார் அலுவலகத்தில் சிஸ்டம் பார்ப்பவர்.

"எதுவா இருந்தாலும் எழுத்துல கொடுங்க. எழுத்துல இருக்கிறதுதான் செல்லும்" என்றபடி வக்கீலம்மா கோர்ட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

விவாகரத்து வழக்குகளுக்குப் பேர்போன அலுவலகம் அது. யார் யாரை அடித்தார், யாருக்குப் பயந்து யார் எங்கே ஒளிந்திருக்கிறார், எல்லாமே எட்டு லேப்டாப்பில் இருந்தன. அதனால்தான் இரண்டு மாதம் முன்பு புது டிஸ்க் மாட்டினார்கள். எழுதுவதையெல்லாம் தானே பூட்டிக்கொள்ளும் டிஸ்க். லேப்டாப்பைப் போடும்போது பதினாறு எழுத்து பாஸ்வேர்ட் கொடுக்காவிட்டால் வெறும் செங்கல்தான்.

சிபாரிசு செய்ததும் மாட்டியதும் அந்த சிஸ்டம் பார்ப்பவர்தான். அன்றிலிருந்து அவருக்குப் பெயரே 'பூட்டு சார்'. அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

ஆனால் காலங்காத்தாலே பதினாறு எழுத்தைத் தட்ட அந்தப் பெருமைக்குச் சோம்பல். சாயங்காலம் லேப்டாப்பை அணைக்காமல் மூடி மட்டும் வைப்பார். காலையில் திறந்தால் விட்ட இடத்தில் வேலை நிற்கும் என்று கணக்கு. சாரே செய்கிறாரே என்று மற்றவர்களும் அதையே செய்தார்கள்.

துடைக்கிற அம்மா மட்டும் ஒவ்வொன்றாய்த் திறந்து, லைட் அணையும்வரை பட்டனை அமுக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். காலையில் பூட்டு சாருக்கு மறுபடி பதினாறு எழுத்து.

வக்கீலம்மா பேச்சைக் கேட்காமல் கிளம்பிய அன்று சனிக்கிழமை. பூட்டு சார் வெடித்துவிட்டார்.

"ஏம்மா, உங்களை யாரு அதைத் தொடச் சொன்னது? படிக்கத் தெரியாதவங்களுக்கு கம்ப்யூட்டர்ல என்ன வேலை? இன்னைக்கு எதையும் தொடக் கூடாது, ஆமா!"

அந்தம்மா மாப்பைப் பிழிந்தார்.

பூட்டு சார் உட்கார்ந்து கடிதம் அடித்தார். 'எழுதப் படிக்கத் தெரியாத இவரை உடனே வேலையைவிட்டு நீக்க வேண்டும்.' பிரிண்ட் எடுத்து, நாலாய் மடித்து, பையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

திங்கட்கிழமை காலை அலுவலகக் கதவு உடைந்து கிடந்தது. எட்டு லேப்டாப்பையும் காணோம்.

"புருஷனுக்குப் பயந்து ஒரு பொண்ணு ஒளிஞ்சிருக்கா. அவ அட்ரஸ் அதுலதான் இருக்கு!" என்றார் வக்கீலம்மா.

"பூட்டு இருக்கு மேடம்..." பூட்டு சாரின் குரலே கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

டிஸ்க் விற்ற கடைக்காரரை போனில் பிடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார் வக்கீலம்மா.

"அணைச்சிருந்தா எவனாலயும் ஒண்ணும் பண்ண முடியாது மேடம். சும்மா மூடி வெச்சிருந்தா பூட்டு திறந்தேதான் இருக்கும். எப்படி இருந்துச்சு?"

அத்தனை பேரும் பூட்டு சாரைப் பார்த்தார்கள். 'எதையும் தொடக் கூடாது' என்று கத்தியது அவர் காதிலேயே ஒலித்தது. வேலை போவது இருக்கட்டும், அந்தப் பொண்ணு?

"எல்லாம் அணைஞ்சுதான் இருந்துச்சு மேடம்" என்றது வாசலில் ஒரு குரல். கையில் பக்கெட்டோடு அந்தம்மா. "சனிக்கிழமை நான்தான் அணைச்சேன். அணைக்கச் சொன்னதே சார்தான்."

வக்கீலம்மாவுக்கு மூச்சு வந்தது. "நல்லவேளை, நீங்க இல்லேன்னா ஒரு உயிரே போயிருக்கும் சார்! ஆமா, சனிக்கிழமை ஏதோ சொல்ல வந்தீங்களே?"

"ஒ... ஒண்ணுமில்ல மேடம்."

கூட்டம் கலைந்ததும் அந்தம்மாவிடம் மெல்லப் போனார்.

"நான் எப்பம்மா அணைக்கச் சொன்னேன்?"

மாப்புக் கம்பு அவருடைய நாற்காலிக்குப் பின்னால் இருந்த சுவரைக் காட்டியது. டிஸ்க் மாட்டிய அன்று அவரே கையெழுத்துப் போட்டு ஒட்டிய காகிதம். 'போகும்முன் முழுவதும் அணைக்கவும். மூடினால் மட்டும் போதாது.'

"நீங்க தொடாதேன்னு சொன்னது வாயால. எழுத்துல இருக்கிறதுதானே சார் செல்லும்?"

"அப்போ... உங்களுக்குப் படிக்க வருமா?"

அந்தம்மா இடுப்பிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து, அவர் கையில் வைத்தார்.

"ரெண்டு காப்பி எடுத்தீங்க போல. ஒண்ணு பிரிண்டர்லயே கெடந்துச்சு. அதைப் படிச்சிட்டுத்தான் சார் எட்டையும் அணைச்சேன்."