டெண்டுக்குள் மூணாவது ஆள்

"சார், புக்கிங் ரெண்டு பேருக்குத்தான். டெண்டுக்குள்ள மூணாவது ஆள் படுத்திருக்கே?"

கேட்டது ஜெயபாண்டி. உசிலம்பட்டி தாண்டி, ஒரு தென்னந்தோப்புக்குள் கூடாரம் அடித்து வாடகைக்கு விடும் முகாமின் மேனேஜர். கழுத்தில் விசில், கையில் வாக்கி-டாக்கி. வாக்கி-டாக்கியின் மறுமுனையில் யாரும் கிடையாது என்பது வேறு விஷயம்.

"ஆளா? ஏன்யா, கண்ணு தெரியலயா? அது மாடுய்யா!" என்றான் செல்வக்குமார்.

மாடுதான். சாதாரண மாடா? ஊர்க் கோயில் மாடு. திமிலும் கொம்புமாகக் கூடாரத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. காலையில் புருஷனும் பெண்டாட்டியும் பம்புசெட்டுப் பக்கம் பல் தேய்க்கப் போன நேரம் பார்த்து உள்ளே நுழைந்து, மெத்தையில் படுத்து, சாவகாசமாக அசைபோட ஆரம்பித்துவிட்டது. மூக்கணாங்கயிறு கிடையாது. அதன் மேல் கை வைக்க அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒருத்தனுக்கும் தைரியமும் கிடையாது.

"எதுவா இருந்தாலும் பதினோரு மணிக்குச் செக்-அவுட்டு சார். டெண்ட மடிச்சு, மெத்தைய உதறி, குப்பையக் கூட்டிக் குடுத்துரணும். அடுத்த பார்ட்டி வந்துக்கிட்டே இருக்கு."

"மாட்டையும் சேத்து மடிக்கவா?"

"ரூல்ஸ்ல மாட்டப் பத்தி ஒண்ணும் போடல சார்."

செல்வக்குமாருக்கு அழுகையே வந்துவிட்டது. கூடாரம் எக்கேடோ கெட்டுப் போகட்டும், கார் சாவி அல்லவா மாட்டுக்கு அடியில் சிக்கிக் கிடக்கிறது! "நீங்க குடுத்த சாவியத் தலகாணிக்கு அடியிலதாங்க வச்சேன்" என்று முனீஸ்வரி அப்போதே சொல்லிவிட்டாள்.

கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் இவர்கள் இரண்டு பேர் மட்டும் வெளியே வந்தது இதுதான் முதல் தடவை. அதுவும் ஒரே ஒரு ராத்திரி. அது பொறுக்குமா? கல்யாண நாள் என்று தெரிந்ததும் திருவாதவூரிலிருந்து அவன் அக்கா சோலையம்மாள் நேற்றே போன் போட்டுவிட்டாள். "நாளைக்கு மத்தியானம் குடும்பத்தோட உங்க வீட்டுக்கு வாரோம்டா தம்பி. முனீஸ்வரியக் கோலா உருண்டை போடச் சொல்லு." குடும்பம் என்றால் பதினாலு பேர். சோறு கொஞ்சம் பிந்தினாலும் அக்கா மூஞ்சியைத் தூக்கிக்கொள்வாள். போன தடவை தூக்கிய மூஞ்சி இறங்க ஒன்றரை வருஷம் ஆனது.

"மதினி வந்துருவாகளே! கொத்துக்கறி வாங்கணும், அரைக்கணும், உருட்டணும். எம்புட்டு வேலை கெடக்கு!" முனீஸ்வரி முந்தானையை இழுத்து இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு மாட்டின் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "எந்திரி சாமி, உனக்குப் புண்ணியமாப் போகும்."

அவள் படுகிற பாட்டைப் பார்க்க அவனுக்கே பாவமாக இருந்தது. இப்படித் தங்கமான பெண்டாட்டி எவனுக்கு வாய்க்கும்?

ஜெயபாண்டி விசில் ஊதிப் பார்த்தான். மாடு ஒரு காதை மட்டும் ஆட்டியது. வாசலில் நின்று வாழைப்பழத்தைக் காட்டினான். அது படுத்தபடியே கழுத்தை நீட்டி வாங்கித் தின்றுவிட்டு, அடுத்த பழம் எங்கே என்பதுபோல் பார்த்தது. பொறுமை போய்ச் செல்வக்குமார் ஒரு தென்னை மட்டையைத் தூக்கினான்.

"அய்யய்யோ, கீழ போடுங்க!" முனீஸ்வரி பாய்ந்து பிடுங்கினாள். "கோயில் மாட்ட அடிச்சாக் குடும்பம் வெளங்குமா?"

"அப்பப் பஸ்ஸப் பிடிச்சுப் போயிருவமா?"

"வண்டிய விட்டுட்டுப் போகக் கூடாது சார்," என்றான் ஜெயபாண்டி. "பார்க்கிங்கும் பதினொண்ணு வரைக்குந்தான்."

செல்வக்குமார் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

"பேசாம மதினிக்கிட்ட உள்ளதச் சொல்லிருங்க," முனீஸ்வரி கண்ணைத் துடைத்தாள். "என்னயத் திட்டுனாலும் பரவாயில்ல, நான் வாங்கிக்கிறேன்."

"மாடு படுத்திருக்கு, வர முடியலன்னா அக்கா நம்புமா?"

"போட்டோ எடுத்து அனுப்புங்க."

அனுப்பினான். மறுநிமிஷமே போன் அலறியது. காதுக்குக் கொஞ்சம் தள்ளியே பிடித்துக்கொண்டான்.

"அடேய் தம்பி! கோயில் மாடாடா? சாமியே வந்துல்ல படுத்திருக்கு! கல்யாண நாளும் அதுவுமா எவனுக்குடா இப்படிக் குடுத்து வச்சிருக்கு? அதுவா எந்திரிக்கிற வரைக்கும் அதத் தொந்தரவு பண்ணக் கூடாது. எழுப்புனீங்கன்னு தெரிஞ்சுச்சு, அப்புறம் எம்மூஞ்சியில முழிக்காத!"

"அக்கா... அப்பச் சாப்பாடு?"

"சோறு கெடக்கு கழுத! மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல எறங்கிட்டோம். இங்ஙனயே ஒரு கடையில சாப்பிட்டுட்டுத் திரும்பிக்கிறோம். நீ சாமியப் பாத்துக்க."

செல்வக்குமாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அக்கா வரலயாம்," என்றான்.

"அடடா, பாவம் மதினி," என்றாள் முனீஸ்வரி. வெளியே கிடந்த பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். செருப்பைப் போட்டாள். மாட்டைப் பார்த்து நிதானமாக ஒரு கும்பிடு போட்டாள்.

"இங்ஙன இருந்து வைகை டேம் பக்கந்தானங்க? அங்க மீன் வறுவல் சூடாக் கெடைக்குமாம். கெளம்புங்க."

"கெளம்புறதா? சாவி?"

"மேடம், டெண்டு?" ஜெயபாண்டி விசிலை வாய்க்குக் கொண்டுபோனான்.

"நாங்க ரெண்டு பேரும் செக்-அவுட்டு ஆயிட்டோம் தம்பி. மூணாவது ஆளு எந்திரிச்சதும் அவருகிட்ட மடிச்சு வாங்கிக்கங்க." நடந்துகொண்டே இடுப்பிலிருந்த முந்தானையை உருவி, அதன் நுனியில் போட்டிருந்த முடிச்சை அவிழ்த்தாள் முனீஸ்வரி.

வேப்பமரத்தடியில் நின்ற கார் 'கிய்ங் கிய்ங்' என்று இரண்டு தடவை கத்தியது.