பத்து நாள் கழற்றக் கூடாது

"எப்போ கடிக்க வருது?" என்று கேட்டார் கால்நடை மருத்துவர். "எந்நேரமும்தான் டாக்டர். ஆம்பள நாய்த் திமிரு. விதை எடுத்துட்டா அடங்கிரும்" என்றான் கிரிதரன். அவன் மனைவி செண்பகம் டைகரின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். அவன் கை ஓங்கும்போது மட்டும்தான் அது உறுமும் என்பதை அவள் சொல்லவில்லை. மருத்துவர் அவள் முழங்கையில் கன்றிப்போயிருந்த இடத்தைப் பார்த்தார். "ஊர் சுத்துறது, கண்ட இடத்துல காலைத் தூக்குறது குறையும். பயத்துல கடிக்கிறது இதால போகாதுங்க." "நீங்க பண்ணுங்க டாக்டர்." தையலை நக்காமலிருக்க நாயின் கழுத்தில் பிளாஸ்டிக் புனலைக் கட்டி, பத்து நாள் கழற்றக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். மறுநாள் அவன் கை ஓங்கியபோது டைகர் பாய்ந்தது. புனல் அவன் முழங்காலில் முட்டி மடங்கியது. அவன் சிரித்துவிட்டு, அவளை நிதானமாக அடித்தான். நான்காம் நாள் மாலை தெருமுனையில் அவனுடைய பைக் சத்தம் கேட்டது. செண்பகம் டைகரின் பக்கத்தில் உட்கார்ந்து, புனலின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள்.