சின்ன முதலாளி வைத்த சோதனை

கதவுப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, சின்ன முதலாளி கணக்குப் புத்தகத்தைத் திறந்தார். சலவைப் பவுடர் வாங்கிய வரியில் 1,240 என்று இருந்தது. அதே நீல மையால் ஒன்றை ஏழாக்கினார்.

ஊதி உலர்த்தி, ஒன்றும் தெரியாதவர் போல மூடி வைத்தார். தூண்டிலில் புழு வைத்தாயிற்று. இனி எந்த மீன் எப்படிக் கடிக்கிறது என்று பார்க்க வேண்டியதுதான்.

ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளை வெளுத்துத் தேய்த்துக் கொடுக்கும் லாண்டரி அது. அப்பா ஆரம்பித்தது, அவருக்குப் பிறகு அண்ணன், தம்பி இருவருக்கும் பாதிப் பாதி. பழைய அக்கவுண்டன்ட் வேலையை விட்டுப் போய்விட்டார். வெளியூர் போயிருந்த அண்ணன் போனில், "நாலு பேரைப் பாத்து வைடா. நான் வந்து முடிவு பண்ணிக்கலாம்" என்று சொல்லியிருந்தார்.

பாங்க், காகிதம் எல்லாம் அண்ணன் பாடு. பாயிலர் பக்கத்தில் வேர்த்து வழிய நிற்பது சின்ன முதலாளி. ஒன்றாம் தேதி லாபத்தில் அவர் பங்கு டாண் என்று வந்துவிடும். சீசனில் துணி மலையாகக் குவிந்தாலும் சரி, மழை நாளில் மெஷின்கள் ஈ ஓட்டினாலும் சரி, ஒரு காசு கூடாது, குறையாது. அண்ணனுடைய ஒழுங்கு அப்படி என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார்.

அந்த ஒழுங்கைக் கெடுக்கிற ஆள் எவனும் உள்ளே வந்துவிடக் கூடாது. வந்தால் பதினோரு வருட உழைப்பும் ஆவியாகப் போய்விடும்.

முதலில் வந்தவர் வயதானவர், முப்பது வருடம் கணக்கு எழுதியவர். அரை மணி நேரம் விரலால் வரி வரியாகத் தடவிப் பார்த்தார்.

"கணக்கு சுத்தமா இருக்குங்க தம்பி."

"அப்படியா? மூக்கு மேல என்ன அது, கண்ணாடியா, சும்மா அழகுக்கு மாட்டினதா?" சின்ன முதலாளி அந்த 7-ஐச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டமிட்டார். விரிப்பு மடித்துக்கொண்டிருந்த பெண்களுக்கும் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். அவர்கள் சிரித்தார்கள்.

"இன்னொரு தடவை பாக்கட்டுங்களா? இந்த வேலை எனக்கு ரொம்ப அவசியம்."

"முப்பது வருஷம் பாத்தது போதும் பெரியவரே. வீட்டுக்குப் போய்ப் பேரனுக்கு ஒண்ணு, ரெண்டு சொல்லிக் குடுங்க."

ஈரத் தரையில் வழுக்காமல் இருக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு பெரியவர் வெளியே போனார். அவர் தெருவைத் தொடும் முன்பே அடுத்த ஆள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

அவன் கண்டுபிடித்தான். கண்ணும் அடித்தான். "ஆறாயிரம் கூட எழுதிருக்கீங்க. இருக்கட்டும் சார், செலவு ஏறினா வரி இறங்கும். நான் இதுல கில்லாடி."

"அப்போ வாசல் எந்தப் பக்கம்னு கண்டுபிடி, கில்லாடி."

மூன்றாவதாக வந்தவள் அதிகம் பேசவில்லை. பில் கட்டை அவிழ்த்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். பத்தே நிமிடம்.

"பில்லுல ஆயிரத்து இருநூத்தி நாப்பதுதான் இருக்கு. இதை ஏழாக்கிருக்காங்க. மை புதுசு." பேனா செருகிய அவர் சட்டைப் பையைப் பார்த்தாள். "நீங்கதானே சார்?"

சின்ன முதலாளிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ஆனாலும் விடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கெட்டிக்காரிதான். அண்ணனுக்குத் தெரியாம மாசாமாசம் கொஞ்சம் எனக்கு ஒதுக்கித் தருவீங்களா? உங்களுக்கும் கவனிச்சுடறேன்."

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "வேற ஆளைப் பாத்துக்கங்க சார்."

"அட, உக்காரும்மா!" மேஜையைத் தட்டிச் சிரித்தார். "அதுவும் சோதனைதான். நான் லேசுல யாரையும் நம்புற ஆள் இல்ல. வேலை உங்களுக்குத்தான். லெட்டர் இப்பவே தர்றேன்."

"பழைய வருஷக் கணக்கைப் பாத்துட்டுத்தான் சார் நான் பொறுப்பெடுத்துப்பேன்."

"பாருங்க, நல்லாப் பாருங்க!" அண்ணனின் டிராயரிலிருந்து அலமாரிச் சாவியை எடுத்து நீட்டினார். அவர் அந்த அலமாரியை ஒருநாளும் திறந்ததில்லை. திறக்கத் தோன்றியதும் இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து, கையெழுத்துப் போட்ட லெட்டரோடு வந்து நின்றார். அவள் வாங்கவில்லை. மடியில் ஒரு ஃபைல் விரிந்திருந்தது.

"சம்பளம் பத்தலையா? சொல்லுங்க, ஏத்திடலாம்."

"அதில்ல சார். உங்க அண்ணன் கையெழுத்து வேணும்."

"அவர் எதுக்கு? பாதிக் கம்பெனி என்னோடது. நான் போட்டாச் செல்லாதா?"

அவள் ஃபைலை அவர் பக்கம் திருப்பினாள். "நாலு வருஷத்துக்கு முன்னாடி போட்டது. இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா. புது பாயிலர் வாங்க லோனுக்குப் போட்டேன். அண்ணன் நீட்டினாரு, ஈரக் கையோட போட்டேன். அதுக்கென்ன?"

எழுத்துகளைப் படிக்க அவர் குனிந்தார். அவள் தாளை விரலால் பிடித்துக்கொண்டாள்.

"லோனுக்கு இல்ல சார், உங்க பங்கை அண்ணனுக்கு எழுதிக் குடுத்திருக்கீங்க. சம்பளப் பட்டியல்ல பதினாலாவது பேரு உங்களோடது."