நாற்பத்தைந்து வினாடி

அக்டோபர் 9. இன்றைய தவறு: எஞ்சின் ஆயிலும் கியர் ஆயிலும் ஒரே கெட்டி என்று அளந்துவிட்டேன். காரணம் தெரியவில்லை. என் கையாகத்தான் இருக்கும்.

மோட்டார் மெக்கானிக் மாலை வகுப்பின் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து இதை எழுதி முடித்தவள், பதினோராவது முறையாகக் குண்டைப் போட்டாள். முழ நீளக் கண்ணாடிக் குழாயில் வாத்தியார் ஊற்றி வைத்திருக்கும் எண்ணெய்க்குள் கடுகளவு எஃகுக் குண்டு இறங்க எத்தனை வினாடி ஆகிறது என்று பார்க்க வேண்டும். எண்ணெய் கெட்டியாக இருந்தால் குண்டு மெதுவாக இறங்கும்.

‘எஞ்சின்’ என்று சீட்டு ஒட்டிய குழாயில் பதினைந்து வினாடி. ‘கியர்’ என்று ஒட்டியதிலும் அதே பதினைந்து.

கியர் குழாயை மோந்து பார்த்தாள். பகலில் அவள் வேலை பார்க்கும் உதிரி பாகக் கடையில் ஒரு கியர் ஆயில் டப்பா ஒழுகினால் போதும், அழுகின முட்டை நாற்றம் தெருமுனை வரை போகும். இதில் ஒன்றும் அடிக்கவில்லை. ஜலதோஷம் போலிருக்கிறது என்று அந்தப் பழியையும் தன் மூக்கின் மேலேயே போட்டுக்கொண்டாள்.

“என்ன சந்தேகம், இன்னும் முடியலையா?” என்றார் பக்கத்து மேசை வெல்டர். வகுப்பில் அவளுக்கு ‘சந்தேகம்’ என்றுதான் பெயர். “கியருக்கு எங்க எல்லாருக்கும் நாப்பத்தஞ்சு வந்துடுச்சே!”

“நீங்க எப்பண்ணே குண்டு போட்டீங்க? கை நோட்டை விட்டு நகரவே இல்லையே?”

“குண்டு எதுக்கும்மா? போன வருஷத்து நோட்டு இருக்கு. அதுல போட்ட குண்டு இன்னும் கரெக்டா நாப்பத்தஞ்சுலதான் இறங்குது.”

வகுப்பே சிரித்தது. சிரிப்பு பாதியில் அறுந்தது. வாசலில் வாத்தியார்!

போன வாரம் வரைக்கும் அவருடைய கிழட்டுக் கார் கியர் மாறும்போது மாவு மில் போல அரைக்கும். அந்தச் சத்தம் தெருவில் கேட்டதுமே எல்லாரும் நல்ல பிள்ளைகளாகி விடுவார்கள். இன்று மனிதர் பூனை மாதிரி வந்து நின்றார்.

“என்ன முழிக்கிறீங்க? கார் சத்தம் கேக்கலையா? கியர் இப்ப வாழைப்பழத்துல ஊசி ஏத்துற மாதிரி விழுது. வண்டின்னா கவனிப்பு வேணும்யா, கவனிப்பு!”

சொல்லிக்கொண்டே நேராக அவள் நோட்டுக்குத்தான் வந்தார்.

“ரெண்டும் பதினஞ்சா? நூத்திநாப்பது நம்பர் கியர் ஆயிலும் நாப்பது நம்பர் எஞ்சின் ஆயிலும் ஒண்ணா? உன் முதலாளிகிட்ட சொல்லிப் பாரு, அன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பிடுவார்.”

“பதினோரு தடவை போட்டேன் சார்.”

“பதினோரு தடவை தப்பாப் போட்டா சரியாயிடுமா? பதினாலு பேர் நாப்பத்தஞ்சுன்னு எழுதியிருக்காங்க. அவங்கல்லாம் முட்டாளா?”

அவள் வெல்டரைப் பார்த்தாள். வெல்டர் மின்விசிறியைப் பார்த்தார்.

“நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் டைம் தர்றேன். நல்ல கியர் ஆயிலா எடுத்து ஒழுங்கா அளந்து எழுதிட்டு வா. இல்லேன்னா என் கையெழுத்து கிடையாது, பரீட்சையும் அடுத்த வருஷம்தான்.”

இந்தப் பரீட்சையில் தேறினால்தான் கடை கவுன்டரிலிருந்து பட்டறைக்கு மாற்றுவதாக முதலாளி சொல்லியிருந்தார். அடுத்த வருஷம் வரை யார் காத்திருப்பார்?

அவளுடைய பதினைந்தைச் சிவப்பு மையால் சுழிக்க வாத்தியார் குனிந்தார். அவர் சட்டைக் கை அவள் முகத்துக்கு நேரே வந்தது.

அழுகின முட்டை.

அவள் இன்னொரு முறை மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஜலதோஷமே இல்லை.

எல்லாரும் போன பிறகு நாட்குறிப்பைத் திறந்தாள். ‘என் கையாகத்தான் இருக்கும்’ என்ற வரியை அளவுகோல் வைத்து நேராக அடித்தாள். அதன் கீழே எழுதினாள்:

நாளைய வேலை: வாத்தியார் காரின் கியர் பெட்டியிலிருந்து ஒரு குழாய் எண்ணெய் இறக்கி, குண்டு போட்டு, நேரம் குறிக்க வேண்டும்.