கீறல் இல்லாத சிடி

இறந்துபோன அப்பாவின் குரல் இருந்த ஒரே சிடியில் கீறல் விழுந்து, பேச்சு விட்டுவிட்டுத்தான் கேட்டது. புது பிளேயர் விட்டுப்போன ஒலியை ஊகித்து நிரப்பி, சிடியிலேயே திருத்தி எழுதிவிடும் என்றார்கள். சிதம்பரம் ஆசையாக வாங்கிவந்து ஓடவிட்டான்.

“தெய்வானை, காப்பி கொண்டா” என்றது அப்பாவின் குரல், கணீரென்று.

அம்மா திரும்பிப் பார்த்தாள். “யாருடா அது?”

“அப்பாதாம்மா!”

“போடா. எம்பேரு அவருக்கு என்னைக்கு முழுசா வந்துச்சு? தெ... தெ...ன்னு திக்கும்போதே நான் போய் நின்னுடுவேனே. அதப் போடுடா, கேக்கணும்.”

திக்கலையும் கீறலென்றே நினைத்துச் சரிசெய்திருந்தது பிளேயர். சிதம்பரம் சிடியை வெளியே எடுத்தான். புதிதுபோலப் பளபளத்தது.