நியாஹாராவின் தலைத்துணி

“தலைத்துணியைக் கழட்டிக் கொடுத்துடு, நியாஹாரா.”

லோங்வேயம்மா குரலை உயர்த்தவில்லை. சபையின் மாதர் சங்கத் தலைவிக்கு அதற்கெல்லாம் அவசியமே வந்ததில்லை. அவர் வாசலில் வந்து நின்றாலே போதும், பாதிப் பெண்கள் தாங்கள் என்ன தப்பு செய்தோம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

சங்க ஜெபத்துக்காக வெள்ளைத் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு கிளம்பி நின்ற நியாஹாரா, முழங்காலிட்டு, அவருக்கும் கூட வந்தவளுக்கும் கை கழுவத் தண்ணீர் ஊற்றினாள். அவித்த நிலக்கடலையை எடுத்து வைத்தாள். தண்டிக்க வந்தவர்களானாலும் விருந்தாளி விருந்தாளிதானே.

“கடலை தின்ன வரல,” என்றார் லோங்வேயம்மா. “தவோங்கா எங்கே?”

அடுப்படிக் கதவோரம் நின்றிருந்தாள் மகள். என்னதான் துணியை இழுத்துச் சுற்றினாலும் வயிறு மறையவில்லை.

அந்த ஊர்ச் சபையில் சட்டம் எல்லோருக்கும் தெரியும். கல்யாணமாகாத பெண் கர்ப்பமானால் அவளும் பெற்றவளும் ஒரு வருஷம் பின் பெஞ்சு. திருவிருந்து கிடையாது. தாயின் தலைத்துணியைச் சங்கம் திரும்ப வாங்கிக்கொள்ளும். பெண் கைகாட்டும் பையன் வீட்டுக்கும் இதே கதிதான். ஆளைச் சொல்லாவிட்டால், மறைத்த குற்றத்துக்கு இன்னொரு வருஷம்.

“யாருடி அவன்?”

தவோங்கா தரையைப் பார்த்தாள்.

கூட வந்திருந்த எஸ்னாத்துக்கு மனசு கேட்கவில்லை. “சொல்லிடும்மா. செஞ்சவன் வீடு முன் பெஞ்சில நிம்மதியா உட்கார்ந்திருக்கும், நீங்க மட்டும் ஏன் சுமக்கணும்?”

தவோங்கா தலையைத் தூக்கி லோங்வேயம்மாவை நேராகப் பார்த்தாள். உதடு பிரிந்தது.

“வாயைத் திறந்தே, கொன்னுடுவேன்,” என்றாள் நியாஹாரா.

தவோங்கா உதட்டை மூடிக்கொண்டாள்.

“ஓஹோ,” என்றார் லோங்வேயம்மா. “பெத்தவளே மறைக்கிறியா?”

“ஆமாம்மா, மறைக்கிறேன். அதுக்கும் சேர்த்தே தண்டனை குடுங்க.”

“ரெண்டு வருஷம், தெரியுமில்ல? ஊரே முன்னால போய் அப்பமும் திராட்சரசமும் வாங்கும். நீ பின்னால குந்திக்கிட்டு வேடிக்கை பார்ப்ப.”

“பின் பெஞ்சு வரைக்கும் கர்த்தர் வர மாட்டாராம்மா?”

எஸ்னாத் சட்டென்று குனிந்துகொண்டாள். லோங்வேயம்மாவுக்குச் சுருக்கென்றது.

“கிருபை இலவசம்தான். அதைச் சாக்கா வெச்சு ஒழுங்கைக் கேலி பண்ணாதே. புருஷன் தெற்கே சுரங்க வேலைக்குப் போய்க் கிடக்கிறான்னா நீயாவது கண்டிச்சு வளர்த்திருக்கணும். தினமும் குடும்ப ஜெபம் நடக்கிற வீட்டில இப்படி நடக்குமா?”

நியாஹாராவின் கண் நிறைந்துவிட்டது. அவள் அந்தத் துணியைக் கட்டாமல் ஒரு சங்க ஜெபத்துக்கும் போனதில்லை. எத்தனையோ மழைக்காலங்களுக்கு முன்னால் அவள் தலையில் அதைக் கட்டிவிட்டதே லோங்வேயம்மாதான். முடிச்சை அவிழ்த்தாள். நாலாய் மடித்தாள். மறுபடி முழங்காலிட்டு இரண்டு கையாலும் நீட்டினாள்.

துணி இல்லாத அந்த நரைத் தலையைப் பார்க்க லோங்வேயம்மாவுக்கே சங்கடமாக இருந்தது. அதை வெளிக்காட்டிக்கொள்ளாமல் துணியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளியேறினார்.

சோளக்காட்டு வழியில் எஸ்னாத் மெல்ல ஆரம்பித்தாள். “பாவமா இருக்குக்கா. பொண்ணு சொல்லத்தான் வந்தா.”

“அவ விட்டாத்தானே. ஏதோ பெரிய வீட்டுப் பிள்ளையா இருக்கும். வாயடைக்க ஏதாவது கிடைச்சிருக்கும்.”

“அவ அப்படிப்பட்டவ இல்லக்கா.”

“எவ எப்படிப்பட்டவன்னு உனக்கென்ன தெரியும்? இரக்கப்பட்டுக்கிட்டே இருந்தா சபையை நடத்த முடியாது, எஸ்னாத்.”

சாயங்காலம் லோங்வேயம்மாவின் வீட்டில் வழக்கம்போல் குடும்ப ஜெபம் நடந்தது. “எங்க வீட்டைக் கறைபடாம காத்துக்கிட்டதுக்கு ஸ்தோத்திரம் ஆண்டவரே,” என்று மனசாரச் சொன்னார். கணவரும் ஆமென் சொன்னார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மகன் லுசுங்குவின் ஆமென் மட்டும் காதில் விழவில்லை.

சோளமாவுக் களியும் பீன்ஸும் பரிமாறிக்கொண்டே அன்றைய கதையைச் சொன்னார். நியாஹாராவின் திமிரை, அவள் மகளை அதட்டிய விதத்தை, ஒன்று விடாமல்.

லுசுங்கு களியைத் தொடவேயில்லை.

“கடைசி வரைக்கும் பையன் பேரை அவ சொல்லலையாம்மா?”

“அவங்கம்மா சொல்ல விட்டாத்தானே? உனக்கெதுக்குடா அது, சாப்பிடு.”

அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

“நாளைக்குச் சபையில நானே எழுந்து சொல்லிடறேன்னு காலையில அவங்க வீட்டுக்குப் போனேன்மா. அவங்கதான் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘படிப்பை முடிச்சுட்டு முறையா வந்து பொண்ணு கேளு தம்பி, இப்பச் சொன்னா உங்கம்மா தலைத்துணியும் போயிடும், அவங்க அதைத் தாங்க மாட்டாங்க, நான் தாங்கிக்குவேன்’னு சொல்லிட்டாங்க.”