கண் பட்ட கிளி

கூண்டுக்கு அடியில் மறுபடியும் ஒரு மஞ்சள் இறகு கிடந்தது. எவாந்தியா அதைப் பொறுக்கி, மருமகள் மிர்சினியின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இதுக்கு என்னடி சொல்ற?"

"நான் ஒண்ணும் பண்ணலை, அத்தை."

மிர்சினி காபிப் பாத்திரத்தைக் கழுவப் போய்விட்டாள். அழுத்தக்காரி என்று எவாந்தியா பல்லைக் கடித்தாள்.

கப்பலில் வேலை பார்க்கும் மகன் ஸ்தாதிஸ் ஈஸ்டருக்குக் கிரேக்க ஊரான வோலோஸுக்கு வீடு வந்தபோது கொண்டுவந்த பட்ஜி என்னும் சின்னக் கிளி அது. முன்பு இருந்த வீட்டில் பூனையிடமிருந்து மயிரிழையில் தப்பியதாம். எவாந்தியா அதற்கு லெமோனி என்று பெயர் வைத்தாள், திருஷ்டிக்குக் கூண்டில் நீல மணி கட்டினாள், ஆப்பிளைப் பொடிப்பொடியாக நறுக்கி ஊட்டப் பார்த்தாள். எதற்கும் அது மசியவில்லை. திராட்சை பழுக்கும் காலம் வந்தும் அவளைக் கண்டாலே நடுங்கியது.

அன்று காபி குடிக்க வந்த பக்கத்து வீட்டு ஃபோதினியைக் கூண்டருகே அழைத்துப் போனாள்.

"என் தங்கத்தைப் பாரு, எவ்வளவு அழகு! ஃப்தூ, ஃப்தூ, ஃப்தூ!" தன் கண்ணே பட்டுவிடக் கூடாதென்று வழக்கம்போல மூன்று முறை துப்பினாள்.

லெமோனி கம்பியில் மோதி மோதிப் படபடத்தது. ஃபோதினி குரலைத் தாழ்த்தினாள்.

"யாரோ அடிக்கிறாங்க போலிருக்கே, எவாந்தியா?"

எவாந்தியாவுக்கு முகமெல்லாம் எரிந்தது. வாயில்லாப் பிராணியை வதைக்கிற வீடு என்று தெருவில் பேர் வந்தால் எப்படி வெளியே தலைகாட்டுவது?

"நான் இல்லம்மா. எல்லாம் என் மருமக வேலை" என்று சொல்லிவிட்டாள்.

சொன்னதும் என்னவோ போலிருந்தது. ஆனால் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. ரொட்டிக் கடைக்காரி மிர்சினியின் முகம் பார்க்காமலே ரொட்டியை நீட்டினாள். எவாந்தியா அதோடும் விடவில்லை. மகனுக்குப் போன் போட்டாள்.

"நீ வந்ததும் ஒரு முடிவு சொல்லு. இந்த வீட்ல ஒண்ணு கிளி இருக்கணும், இல்ல உன் பொண்டாட்டி இருக்கணும்."

ஸ்தாதிஸ் வந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மாவும் மகனும் சர்ச்சிலிருந்து பாதியிலேயே திரும்பினார்கள். "இன்னிக்கு நீயே கண்ணால பாரு" என்று கிசுகிசுத்தபடி எவாந்தியா ஓசைப்படாமல் கதவைத் திறந்தாள்.

கூண்டு திறந்து கிடந்தது. மிர்சினியின் தோளில் லெமோனி உட்கார்ந்திருந்தது. அவள் உதட்டிலிருந்து ஒரு தினையைக் கொத்தித் தின்றுவிட்டு, அவள் கழுத்தோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடியது.

எவாந்தியா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அடிக்கிறவள் தோளிலா ஒரு கிளி இப்படித் தூங்கும்? ஃபோதினியிடம் சொன்ன பொய்யும் ரொட்டிக் கடைக்காரி திருப்பிக்கொண்ட முகமும் ஒன்றாகச் சேர்ந்து வந்து நின்றன. வெட்கத்தில் அப்படியே பூமிக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

"பாவி நான், உன்னைப் போய்..." மிர்சினியின் கிட்டே போனாள். "மன்னிச்சிடு கண்ணு. நீங்க ரெண்டு பேரும் இருக்கிற அழகுக்கு என் கண்ணே பட்டுடும்! ஃப்தூ, ஃப்தூ, ஃப்தூ!"

வீலென்று கத்திக்கொண்டு பறந்த லெமோனி, ஜன்னல் திரையில் மோதி அதைப் பற்றிக்கொண்டு தொங்கியது.

"என்னைக் கண்டா மட்டும் ஏன்டா இப்படிப் பண்ணுது?" எவாந்தியாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஸ்தாதிஸுக்கு விஷயம் புரிந்துவிட்டதைக் கண்டு மிர்சினி அவசரமாகத் தலையாட்டினாள். "வேணாங்க, சொல்லாதீங்க. அத்தை தாங்க மாட்டாங்க. என் மேலேயே பழி இருந்துட்டுப் போகட்டும்."

ஸ்தாதிஸ் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீ துப்புறது, பூனை சீறுற மாதிரியே இருக்கும்மா."